நான்கு ஊர், ஒரே விடுப்பு: உஸ்பெகிஸ்தான் பயணக் குறிப்புகள்

வெள்ளி இரவு, தாஷ்கண்ட்

விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே அறை எடுத்திருக்கிறோம். இங்கே தூங்கப் போவது சில மணி நேரம்தான். விடிந்ததும் உள்நாட்டு விமானத்தில் உர்கெஞ்ச், அங்கிருந்து காரில் கீவா. தாஷ்கண்டை இப்போது பார்க்கப் போவதில்லை. அதைக் கடைசி நாளுக்கு ஒதுக்கிவிட்டோம்.

ஏன் இப்படி என்று கேட்பவர்கள் வரைபடத்தைக் கொஞ்சம் பாருங்கள். கிழக்கே தாஷ்கண்ட், தென்மேற்கில் சமர்கண்ட், இன்னும் மேற்கே புகாரா, பாலைவனத்தைத் தாண்டி வடமேற்கு மூலையில் கீவா. நான்கும் ஒரே பாதையில் கோத்தது போல இருக்கின்றன. கீவாவிலிருந்து தாஷ்கண்ட் வரை முழுக்கத் தரைவழியாக வந்தால் ஆயிரம் கிலோமீட்டர். ஒரு பக்கமாவது பறந்துதான் ஆக வேண்டும். அந்தப் பறப்பை முதலில் வைத்துக்கொள்வதா, கடைசியில் வைத்துக்கொள்வதா என்பதுதான் கேள்வி. கடைசியில் வைத்தால், உர்கெஞ்சில் விமானம் தாமதமானால் ஊர் திரும்பும் விமானமும் போய்விடும். முதலில் வைத்தால் அந்தப் பயம் இல்லை. தூரத்து முனைக்குப் போய் இறங்கிவிட்டால், பிறகு ஒவ்வொரு ஊரும் நம்மை விமான நிலையத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து சேர்த்துக்கொண்டே இருக்கும்.

உடன் வந்திருப்பது என் அக்கா. பள்ளியில் கணக்கு டீச்சர். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் விடுப்பு கிடைப்பது அரிது. கிடைத்தது ஒரு வாரம். முன்னும் பின்னும் உள்ள சனி ஞாயிறைச் சேர்த்துக்கொண்டோம். நான்கு ஊருக்கும் ஆளுக்கு இரண்டு இரவு என்று முதலில் நான் சமமாகப் பங்கு போட்டு அனுப்பினேன். அக்கா உடனே போன் செய்தாள். "ஊரெல்லாம் ஒரே அளவா இருக்கு, சமமா பிரிக்க? கீவா கோட்டைய பத்து நிமிஷத்துல குறுக்க நடந்துடலாம். சமர்கண்ட்ல ஒவ்வொரு இடத்துக்கும் டாக்ஸி புடிக்கணும். புகாராவப் பத்தி நீயே அவ்வளவு படிச்சிருக்க."

கடைசியில் நின்ற கணக்கு: கீவாவில் இரண்டு இரவு, புகாராவில் மூன்று, சமர்கண்டில் இரண்டு, தாஷ்கண்டில் முதல் இரவும் கடைசி இரவும். நாட்களாக எண்ணாமல் இரவுகளாக எண்ணியதற்குக் காரணம் உண்டு. ஊர் மாறும் நாளில் பாதி, பெட்டி கட்டுவதிலும் அறையைக் காலி செய்வதிலும் நிலையத்துக்கு ஓடுவதிலும் புது ஊரில் அறை தேடுவதிலும் கரைந்துவிடும். 'இரண்டு நாள்' என்று தாளில் எழுதினால் கையில் நிற்பது ஒன்றரை. இரவாக எண்ணினால் எந்த ஊரில் எத்தனை மாலை, எத்தனை விடிகாலை கிடைக்கும் என்பது தெளிவாகத் தெரிகிறது.

நுகுஸ் ஊரின் ஓவிய அருங்காட்சியகம், ஆரல் கடல் வற்றிய மொய்னாக், கிழக்கே பெர்கானா பள்ளத்தாக்கு எல்லாவற்றையும் கிளம்பும் முன்பே அடித்துவிட்டோம். சமர்கண்டுக்குத் தெற்கே மலைக்கு அப்பால் உள்ள ஷாஹ்ரிசாப்ஸ் ஊர் மட்டும் இன்னும் முடிவாகவில்லை. அதை அடிக்க எனக்கு மனசு வரவில்லை.

சனி, கீவா

உர்கெஞ்சிலிருந்து முப்பது கிலோமீட்டர் சொச்சம். வழியெல்லாம் பருத்தி வெடித்து நிற்கிறது. அக்டோபர் அறுவடைக் காலம். சாலையோரத்தில் பருத்தி குவிந்த டிரெய்லர்கள் வரிசையாக நின்றன.

கீவாவின் உள்கோட்டைக்கு இச்சான் கலா என்று பெயர். இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான நீளத்தில், சுமார் பத்து மீட்டர் உயரத்தில் மண் செங்கல் மதில். உஸ்பெகிஸ்தானில் முதன்முதலாக யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது இதுதான், 1990-ல். மேற்கு வாசலில் நுழைந்ததும் கல்தா மினோர் கண்ணை நிறைக்கிறது. அடி முதல் உச்சி வரை நீலமும் பச்சையுமாகப் பளபளக்கும் ஓடுகள் பதித்த பருத்த கோபுரம். முகமது அமீன் கான் கட்டத் தொடங்கினார். 1855-ல் போரில் அவர் இறந்ததும் வேலை நின்றுபோனது. கட்டியவரையில் அப்படியே நிற்கிறது.

மதியம் உள்ளே நல்ல கூட்டம். பேருந்தில் வந்த குழுக்கள் கொடியைப் பிடித்த வழிகாட்டிக்குப் பின்னால் வேகமாகப் போய்க்கொண்டிருந்தன. நாங்கள் அறையில் படுத்துத் தூங்கிவிட்டோம். அதிகாலை விமானத்துக்கு அது தேவையாக இருந்தது. ஐந்து மணிக்கு வெளியே வந்தால் பாதிக் கூட்டம் இல்லை. பழைய அரண்மனையான குன்யா அர்க்கின் காவல் மேடையில் ஏறி நின்றோம். சூரியன் இறங்க இறங்க மண் மதில் மஞ்சளாகி, பிறகு செம்மண் நிறத்துக்கு வந்தது. கல்தா மினோரின் நீலம் மட்டும் கடைசி வரை மாறவே இல்லை.

ஒரே நாளில் வந்து போகிறவர்கள் இந்த நேரத்தில் உர்கெஞ்சுக்குத் திரும்பிக்கொண்டிருப்பார்கள். கோட்டைக்குள்ளேயே தங்கும் விடுதிகள் இருக்கின்றன. நேரம் குறைவாக உள்ளவர்கள் கட்டாயம் கோட்டைக்குள்ளேயே தங்குங்கள். மாலையும் காலையும் தனியாக நேரம் ஒதுக்காமலே கிடைத்துவிடும்.

ஞாயிறு, கீவா

விடிவதற்கு முன்பே ஜுமா மசூதி வாசலில் நின்றோம். திறக்க நேரமாகும் என்று தெரிந்ததும் ஊரைச் சுற்றினோம். ஒரு பாட்டி வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தார். ரொட்டி சுடும் வாசனை ஒரு சந்திலிருந்து வந்தது. கோட்டைக்குள் இன்னும் குடும்பங்கள் வாழ்கின்றன என்பது அந்த நேரத்தில்தான் தெரிகிறது.

ஜுமா மசூதி வெளியிலிருந்து பார்க்க ஒன்றுமே இல்லை. உள்ளே இருநூற்றுக்கும் மேற்பட்ட மரத்தூண்கள், தாழ்ந்த கூரை, நடுவில் இரண்டு திறப்புகள் வழியே விழும் வெளிச்சம். இப்போதுள்ள கட்டடம் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுந்தது. தூண்களில் சில அதற்குப் பல நூறு ஆண்டுகள் முந்தியவை, பழைய கட்டடங்களிலிருந்து எடுத்து வந்தவை. ஒவ்வொரு தூணும் அடியில் ஒடுங்கிக் கல் பீடத்தில் நிற்கிறது. செதுக்கல் ஒன்றைப் போல ஒன்று இல்லை. பழைய தூண்களில் செதுக்கல் ஆழம், கோடு தடிமன். புதியவற்றில் கொடிகள் நுணுக்கமாக ஓடுகின்றன. இதைக் கண்டுகொள்ள எங்களுக்கு ஒரு மணி நேரம் ஆனது. நடுவில் இரண்டு குழுக்கள் வந்து படம் எடுத்துக்கொண்டு போய்விட்டன.

அக்கா கீவாவுக்கு வந்தது ஒருவருக்காக. மேற்கு மதிலுக்கு வெளியே அல் குவாரிஸ்மி சிலையாக உட்கார்ந்திருக்கிறார். இந்தக் குவாரிஸ்ம் பகுதியின் பெயரைத் தன் பெயரில் சுமந்தவர். 9-ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் இருந்து இந்திய எண்முறையில் கணக்குப் போடுவது எப்படி என்று நூல் எழுதினார். பூஜ்யமும் இடமதிப்பும் ஐரோப்பாவுக்குப் போன வழிகளில் அந்த நூலின் லத்தீன் மொழிபெயர்ப்பு முக்கியமானது. அக்கா சிலைக்கு எதிரே இருந்த திட்டில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். "பசங்களுக்கு வருஷா வருஷம் இவரோட பேரச் சொல்லிட்டே இருக்கேன்டி. இப்பதான் எதிர்ல உக்கார்றேன்." அந்த நேரத்தை எந்தத் திட்டத்திலும் நான் எழுதியிருக்கவில்லை. இரண்டாவது இரவு இருந்ததால் அதற்கு இடம் இருந்தது.

திங்கள், கீவாவிலிருந்து புகாரா

இன்று முழுக்கச் சாலை. கீவாவுக்கும் புகாராவுக்கும் இடையே சுமார் 450 கிலோமீட்டர். ரயிலும் உண்டு, ஆனால் எங்கள் நாளுக்குத் தோதான நேரத்தில் இல்லை. கார் பிடித்தோம்.

கிசில்கூம் பாலைவனம். மணல், அதில் குத்துக் குத்தாகச் சாக்சவுல் புதர்கள், அவ்வளவுதான். ஓரிடத்தில் ஓட்டுநர் வண்டியை நிறுத்திக் கீழே காட்டினார். ஆமூ தரியா, அகலமாக, கலங்கிய நீராக. மறுகரைக்கு அப்பால் துர்க்மெனிஸ்தான். இந்த ஆற்று நீரைத்தான் 1960-களிலிருந்து பருத்தி வயல்களுக்குத் திருப்பினார்கள். ஆரல் கடல் வற்றியது அதனால்தான். சனிக்கிழமை பார்த்த வெண்மையான வயல்கள் நினைவுக்கு வந்தன.

பயணத் திட்டம் போடும்போது இந்த ஒரு நாள்தான் எல்லாருக்கும் உறுத்தும். 'ஒரு நாள் வீண்' என்று இதற்காகவே கீவாவை விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் புகாராவுக்குப் பாலைவனம் வழியாக வந்து சேரும்போதுதான், ஒட்டக வணிகக் கூட்டங்கள் ஏன் அங்கே தங்கின, ஊரெல்லாம் ஏன் குளங்கள் வெட்டி வைத்தார்கள் என்பது உடம்புக்கே புரிகிறது. நான் இதை வீண் என்று எழுத மாட்டேன்.

மாலை புகாரா. லபி ஹவுஸ் குளத்தைச் சுற்றி முசுக்கொட்டை மரங்கள், நூற்றாண்டுகளாக நிற்பவை. குளம் 1620-ல் வெட்டியது. படிக்கட்டில் உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டுப் படுத்தோம்.

செவ்வாய், புகாரா

கல்யான் மினார், கல்யான் மசூதி, எதிரே மீர் இ அரப் மதரசா. மினார் 1127-ல் கட்டியது, சுமார் 46 மீட்டர். 1220-ல் செங்கிஸ்கான் ஊரை எரித்தபோதும் இது தப்பியது. பிறகு கூரையிட்ட பழைய சந்தைகள்: நாணயம் மாற்றுவோர், தொப்பி விற்போர், பொற்கொல்லர் என்று ஒவ்வொரு குவிமாடக் கவிகைக்கும் ஒரு தொழிலின் பெயர். மதியத்துக்குள் 'முக்கியமானவை' முடிந்துவிட்டன.

விடுதியில் ஒரு குடும்பத்தைச் சந்தித்தோம். காலை ரயிலில் சமர்கண்டிலிருந்து வந்தவர்கள், இரவு ரயிலில் கிளம்புகிறார்கள். அவர்கள் பார்த்த பட்டியலும் எங்கள் பட்டியலும் ஒன்றுதான். அப்போது எனக்கே ஒரு சபலம். நாளை காலையே கிளம்பினால் சமர்கண்டில் ஒரு நாள் கூடும், ஷாஹ்ரிசாப்ஸ் போய் வரலாம்.

அக்காவிடம் சொன்னேன். அவள் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அஃப்ரோசியோப் டிக்கெட் இருக்கான்னு பாரு மொதல்ல." பார்த்தேன். இல்லை. அந்த அதிவேக ரயிலின் இருக்கைகள் பயணப் பருவத்தில் முன்கூட்டியே தீர்ந்துவிடும். அதைவிட வேகம் குறைந்த ரயிலில் இடம் இருந்தது. அதைச் சொன்னதும் போனைக் கீழே வைத்தாள். "ஏன்டி, இன்னிக்கு சாயங்காலம் சாமானி கல்லறைக்குப் போகலாம்னு நீதான சொன்ன? அத ரெண்டு வெளிச்சத்துல பாக்கணும்னும் நீதான் சொன்ன. அதுக்குத்தான மூணு ராத்திரி?"

ஷாஹ்ரிசாப்ஸ் அங்கேயே முடிந்தது. 14-ஆம் நூற்றாண்டுப் பேரரசர் தைமூர் பிறந்த பகுதி, அவர் கட்டிய ஆக் சராய் அரண்மனையின் நுழைவுக் கோபுரங்கள் இன்றும் நிற்கின்றன. பார்க்க ஆசைதான். ஆனால் சமர்கண்டிலிருந்து மலைக் கணவாய் ஏறி இறங்கிப் போய்வர ஒரு பகல் முழுசும் போய்விடும். ஊரின் பழைய குடியிருப்புகளை இடித்துப் பூங்காவாக்கியதால் 2016-ல் அந்த இடத்தை யுனெஸ்கோ ஆபத்திலுள்ள பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. புகாராவின் ஒரு நாளைக் கொடுத்து அதை வாங்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

புதன், புகாரா

நேற்று மாலையும் இன்று காலையும் போன இடம்: புகாராவை ஆண்ட இஸ்மாயில் சாமானியின் கல்லறை.

10-ஆம் நூற்றாண்டுக் கட்டடம். பூங்காவுக்குள் தனியாக, ஒரு பெரிய அறை அளவே இருக்கும் கனசதுரம், மேலே ஒரு கவிகை. ஓடு கிடையாது, வண்ணம் கிடையாது. சுட்ட செங்கல் மட்டும். அந்தச் செங்கல்லைப் படுக்க வைத்து, நிறுத்தி, சாய்த்து, உள்ளே தள்ளி, வெளியே நீட்டிச் சுவர் முழுவதையும் பாய் முடைந்தது போல அடுக்கியிருக்கிறார்கள். நேற்று மாலை மேற்குச் சுவரில் சாய்ந்த வெயில் விழுந்தபோது ஒவ்வொரு கல்லின் பக்கத்திலும் கூர்மையான நிழல். சுவரே துளை துளையாகத் தெரிந்தது. இன்று காலை அதே மேற்குச் சுவர் நிழலில் இருந்தது. துளைகள் மறைந்து, வெறும் நெசவுக் கோடுகளாக ஆகிவிட்டது. இப்போது கிழக்குச் சுவரில் அந்த நிழல் விளையாட்டு.

அக்கா ஒரு சின்ன நோட்டை எடுத்து மூலைகளை வரைந்துகொண்டிருந்தாள். சதுர அறை மேல் வட்டக் கவிகை எப்படி உட்கார்கிறது என்பதுதான் அவள் கேள்வி. நான்கு மூலைகளிலும் குறுக்கு வளைவுகள் கொடுத்துச் சதுரத்தை எண்கோணம் ஆக்குகிறார்கள், எண்கோணத்துக்கு மேல் பதினாறு பக்கம், அதற்கு மேல் வட்டம். "பக்கங்கள கூட்டிக்கிட்டே போனா வட்டம் வரும்னு நான் போர்டுல போடுறதத்தான் இவன் செங்கல்லுல போட்டிருக்கான்." உள்ளே நின்று மேலே பார்த்துச் சொன்னாள். காவலர் எங்களைப் பார்த்துப் புன்னகைத்துவிட்டு, வெளியே வேறொரு மூலையைக் காட்டினார். அங்கே செங்கல் வட்டங்களாலான ஒரு வரிசை முத்துமாலையாகச் சுற்றி ஓடுகிறது. நேற்று அதைக் கவனிக்கவில்லை.

மதியம் ஒன்றும் செய்யவில்லை. புகாராவின் பழைய நகரத்தில் 140-க்கும் மேற்பட்ட பாரம்பரியக் கட்டடங்கள் இருப்பதாகச் சொல்வார்கள். பட்டியலை எடுத்துக்கொண்டு நடந்தால் முடியவே முடியாது. நாங்கள் பெயர் தெரியாத சந்துகளில் நடந்தோம். 1807-ல் கட்டிய சோர் மினோர், நான்கு சிறு கோபுரங்களோடு வீடுகளுக்கு நடுவே திடீரென்று வந்தது. பக்கத்தில் பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

எல்லா ஊருக்கும் இப்படி எதுவும் எழுதாத ஒரு பிற்பகலைக் கொடுக்க விடுப்பு போதாது. அதை ஒரு ஊருக்காவது முழுசாகக் கொடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன். நடந்தே போகக்கூடிய ஊருக்குக் கொடுத்தால்தான் அது பலிக்கும். அதனால்தான் புகாரா.

வியாழன், புகாராவிலிருந்து சமர்கண்ட்

புகாரா ரயில் நிலையம் பழைய நகரத்தில் இல்லை. பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, காகான் ஊரில் இருக்கிறது. கிளம்பும் நேரத்தில் இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நிலையத்தில் பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் பார்த்து, பெட்டியை ஸ்கேன் செய்த பிறகுதான் உள்ளே விடுகிறார்கள். விடுதிகள் தரும் தங்கல் பதிவுச் சீட்டையும் பாஸ்போர்ட்டோடு வைத்திருக்கிறோம்.

ஒன்றரை மணி நேரத்தில் சமர்கண்ட். மதியத்துக்கு முன்பே சேரும்படி ரயிலைத் தேர்ந்தது நல்லதாயிற்று. அறை தயாராக இல்லாவிட்டாலும் பெட்டியை வைத்துவிட்டுக் கிளம்பலாம்.

புகாராவிலிருந்து வந்தவுடன் சமர்கண்ட் ஏமாற்றமாகத் தெரியும். பெரிய நகரம், அகலமான சாலைகள், போக்குவரத்து. சின்னங்களுக்கு இடையில் நடக்கும் தூரமும் அதிகம். மூன்று மணி வரை எனக்கு மனசு ஒட்டவில்லை. பிறகு ரெஜிஸ்தான்.

ஒரே சதுக்கத்தின் மூன்று பக்கமும் மூன்று மதரசாக்கள். இடதுபுறம் தைமூரின் பேரனும் வானியல் அறிஞருமான உலுக் பெக் கட்டியது, 1420-ல் முடிந்தது. எதிரே இருநூறு ஆண்டுகள் கழித்து வந்த ஷெர் தோர். வாயில் நெற்றியில் மானைத் துரத்தும் புலிகள், அவற்றின் முதுகில் மனித முகம் கொண்ட சூரியன்கள். நடுவில் தில்யா கோரி, 1660-ல் முடிந்தது. உள்ளே மசூதியின் கூரையில் பொன்னும் நீலமும். இருட்டும் வரை அங்கேயே இருந்தோம். விளக்கு போட்டதும் மீண்டும் ஒரு சுற்று.

பாபரை நினைத்துக்கொண்டேன். பதினைந்து வயது நிறைவதற்கு முன், 1497-ல், தன் மூதாதை தைமூரின் இந்த நகரத்தைப் பிடித்தார். சுமார் நூறு நாள்தான் கையில் இருந்தது. மறுபடி பிடித்தார், மறுபடி இழந்தார். காபூலுக்கும் பிறகு டெல்லிக்கும் போனவர் கடைசி வரை சமர்கண்டை மறக்கவில்லை. நூறு நாளும் அவருக்குப் போதவில்லை.

வெள்ளி, சமர்கண்ட்

காலையில் டாக்ஸி பிடித்து நகரின் வடகிழக்கில் உள்ள உலுக் பெக் வானாய்வகம். அக்கா திட்டத்தில் இதற்கு அரை நாள் எழுதியிருந்தாள். பெரும்பாலான குழுக்களின் நிரலில் இது அரை மணி நேரம்.

மேலே பார்க்க ஒரு வாயில்தான் இருக்கிறது. 1420-களில் எழுந்த மூன்றடுக்குக் கட்டடம் 1449-ல் உலுக் பெக் கொல்லப்பட்ட பிறகு அழிந்தது. கொலைக்குப் பின்னால் இருந்தது அவருடைய சொந்த மகன். இடமே மறந்துபோய், 1908-ல் வியாத்கின் என்ற ஆய்வாளர்தான் தோண்டிக் கண்டுபிடித்தார். மிஞ்சியிருப்பது பூமிக்கடியில் போன பகுதி மட்டும். வாயிலுக்குள் குனிந்து பார்த்தால் பாறையில் வெட்டிய பள்ளம் சரிந்து இறங்குகிறது. அதில் இணையாக இரண்டு பளிங்குத் தடங்கள், வளைந்து மேலேறுகின்றன. தடங்களில் பாகைக் கோடுகள் வெட்டியிருக்கின்றன. ஏறக்குறைய 40 மீட்டர் ஆரம் கொண்ட வட்டத்தின் ஒரு துண்டு இது. சூரிய ஒளி மேலிருந்து ஒரு துளை வழியே வந்து இந்த வளைவில் எங்கே விழுகிறது என்று அளந்தார்கள். ஆரம் பெரிதாக ஆக ஆக ஒரு பாகையின் நீளமும் பெரிதாகும், அளவில் பிழை குறையும்.

அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு பாகைக் கோட்டுக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளியைக் கையால் காட்டினாள். "நாற்பது மீட்டர் ஆரம்னா ஒரு டிகிரி எழுபது சென்டிமீட்டர் வரும். எங்க ஸ்கூல் ப்ரொட்ராக்டர்ல ஒரு மில்லிமீட்டர்கூட வராது." பக்கத்தில் உள்ள சிறு அருங்காட்சியகத்தில் அவள் எனக்குப் பாடமே நடத்தினாள். இங்கே தொகுத்த அட்டவணையில் 1018 விண்மீன்கள், 1437-ல். நட்சத்திர ஆண்டின் நீளத்தை 365 நாள் 6 மணி 10 நிமிடம் 8 விநாடி என்று கணித்தார்கள். இன்றைய கணக்கோடு ஒரு நிமிடத்துக்கும் குறைவான வித்தியாசம். தொலைநோக்கி வருவதற்கு ஒன்றே முக்கால் நூற்றாண்டு முன்னால். இங்கே வேலை பார்த்த அல் காஷி, 1424-ல் பை (π) என்ற எண்ணின் இரட்டிப்பைப் பதினாறு தசம இடம் வரை கண்டவர்.

நான் தனியாக வந்திருந்தால் இங்கே அரை மணி நேரம்தான் இருந்திருப்பேன். அதனால் பங்கு பிரிக்கும்போது நாங்கள் வைத்த ஒரு விதியை இங்கே எழுதிவைக்கிறேன்: ஒவ்வொருவரும் ஒரே ஒரு இடத்தைக் கேட்கலாம், அதற்கு அவர் கேட்கும் நேரத்தை மற்றவர் பேரம் பேசக் கூடாது. எனக்குச் சாமானி கல்லறை, அவளுக்கு இது. குடும்பமாகப் போகிறவர்களுக்கும் நண்பர்களாகப் போகிறவர்களுக்கும் இந்த ஏற்பாட்டைச் சொல்வேன். எல்லாருக்கும் பிடித்ததை மட்டும் வைத்துக்கொண்டே போனால் கடைசியில் மிஞ்சுவது எல்லாரும் பார்க்கும் பட்டியல்தான்.

மாலை குர் இ அமீர். தைமூரின் கல்லறை மேல் கரும்பச்சைக் கல். அதே கவிகையின் கீழ்தான் உலுக் பெக்கும் இருக்கிறார். அக்கா அந்தக் கல்லின் பக்கத்தில் போய் நின்றாள்.

சனி, சமர்கண்டிலிருந்து தாஷ்கண்ட்

காலை எட்டு மணிக்கு முன்பே ஷாஹி சிந்தா. குன்றின் மேல் ஒடுங்கிய ஒரு சந்து, இருபுறமும் கல்லறை மாடங்கள், ஒவ்வொன்றிலும் வேறு வேறு நீலம். பத்து மணிக்குக் கூட்டம் ஏறிவிட்டது. சந்து ஒடுக்கம் என்பதால் இங்கே நேரம் முக்கியம்.

பிறகு பீபி ஹனும் மசூதி, அதன் பக்கத்திலேயே சியோப் சந்தை. சமர்கண்ட் ரொட்டி கனமாக, நடுவில் முத்திரை குத்திப் பளபளவென்று இருக்கிறது. இரண்டு வாங்கிக்கொண்டோம். பீபி ஹனுமின் உள்ளே கவிகைச் சுவரில் விரிசல்கள் அப்படியே தெரிகின்றன. 1897 நிலநடுக்கத்தில் பெரும்பகுதி விழுந்து, கடந்த நூற்றாண்டில் எடுத்துக் கட்டியது.

மாலை ரயில். தாஷ்கண்டில் வடக்கு, தெற்கு என்று இரண்டு ரயில் நிலையங்கள் இருக்கின்றன. டிக்கெட்டில் எது என்று பார்த்துவிட்டு அறையைப் பிடியுங்கள். நாங்கள் மெட்ரோவுக்குப் பக்கத்தில் எடுத்தோம்.

ஞாயிறு, தாஷ்கண்ட்

நிறைய பேர் தாஷ்கண்டில் பார்க்க ஒன்றுமில்லை என்று தாண்டிவிடுகிறார்கள். பழைய ஊர் தேடி வருகிறவர்களுக்கு அப்படித் தோன்றலாம். 1966 ஏப்ரல் 26-ல் வந்த நிலநடுக்கம் நகரத்தின் மையத்தைத் தரைமட்டமாக்கியது; இப்போது பார்ப்பது அதன் பிறகு எழுந்த நகரம். ஆனால் கடைசி நாளுக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. விமான நிலையம் நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. மழை பெய்தாலும் கால் வலித்தாலும் மெட்ரோவிலேயே பாதி நாள் போகும்.

1977-ல் ஓடத் தொடங்கியது, மத்திய ஆசியாவின் முதல் மெட்ரோ. 2018 வரை உள்ளே படம் எடுக்கவே தடை. ஒவ்வொரு நிலையத்திலும் இறங்கி, பார்த்துவிட்டு, அடுத்த ரயிலில் ஏறினோம். அலிஷேர் நவோயி நிலையத்தில் மசூதிக் கவிகைகள் போன்ற கூரை. கோஸ்மோனவ்த்லர் நிலையத்தில் கருநீலச் சுவர், அதில் விண்வெளி வீரர்களின் உருவங்கள்: ககாரின், தெரெஷ்கோவா. அந்த வரிசையிலேயே உலுக் பெக். அக்கா அவருக்கு முன்னால் நின்று படம் எடுக்கச் சொன்னாள். பயணம் முழுவதும் அவள் கேட்டு வாங்கிக்கொண்ட படம் அது ஒன்றுதான்.

மதியம் சாஸ்திரி சிலை. 1966 ஜனவரி 10-ல் இந்த ஊரில்தான் லால் பகதூர் சாஸ்திரியும் பாகிஸ்தான் அதிபர் அயூப் கானும் போருக்குப் பிந்தைய சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். மறுநாள் விடிவதற்கு முன் சாஸ்திரி இங்கேயே இறந்தார். அவர் பெயரில் ஒரு தெருவும் இருக்கிறது. அக்காவும் நானும் சிறிது நேரம் அங்கே இருந்தோம். பிறகு சோர்சு சந்தையின் பெரிய கவிகைக்குக் கீழே உலர்பழம் வாங்கினோம்.

இரவு விமானம். அதற்கு முன், இந்தக் குறிப்புகளைப் படித்துவிட்டு 'எங்களுக்கு இதிலும் பாதி விடுப்புதான்' என்று எழுதியவர்களுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். நான்கு ஊரையும் சுருக்கிப் பார்க்க முயலாதீர்கள். கீவாவை விட்டுவிடுங்கள், எனக்கு அவ்வளவு பிடித்த ஊர் என்றாலும் அதைத்தான் சொல்வேன். விமானமும் பாலைவனச் சாலையும் சேர்ந்து உங்கள் விடுப்பில் பெரும் பங்கைத் தின்றுவிடும். தாஷ்கண்டில் இறங்கிய அன்றே ரயில் கிடைத்தால் நேராகப் புகாராவுக்குப் போங்கள், அங்கே இரண்டு இரவு, திரும்பும் வழியில் சமர்கண்டில் இரண்டு இரவு. அதிலும் ஒரு இரவு குறைக்கத்தான் வேண்டும் என்றால் சமர்கண்டில் குறையுங்கள், புகாராவில் வேண்டாம். ரயில் டிக்கெட்டை மட்டும் விடுதிக்கு முன்பே எடுத்துவிடுங்கள். அறை எப்போதும் கிடைக்கும், அஃப்ரோசியோப்பில் இருக்கை கிடைக்காது.